வைத்தியர் சொன்னால் போதுமா?



இன்று எனக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "வைத்தியமும் பகுத்தறிவும்" என்பதாகும். இது ஒரு நாளில் பேசி முடிக்கக் கூடியதல்ல. ஆதலால் நான் ஒரு வியாதியையும், அந்த வியாதிக்காக உழைத்த ஒரு வைத்தியரையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு பேசலாமென்று நினைக்கிறேன். வியாதி நுரையீரல் புற்றுநோய். வைத்தியர் ஹாங்காங்கைச் சேர்ந்த டோனி மோக் என்பவர். அவரைத் தூக்கி வைத்துப் புகழ்வது என் எண்ணமல்ல. ஒரு மனிதரைக் கீழே தள்ளி இன்னொரு மனிதரைப் பீடத்தில் ஏற்றுவதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் எந்த முறையில் வேலை செய்தார், அந்த முறை அவருடைய கூட்டத்தாரின் எண்ணத்தையே எப்படித் திருத்திற்று என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி.

நம்பிக்கை எப்படி வருகிறது?

முதலில் ஒன்று கேட்கிறேன். நாம் ஒரு மருந்தை நம்புகிறோமே, எதைக் கொண்டு நம்புகிறோம்? "சித்தர் சொல்லியிருக்கிறார்" என்கிறார் ஒருவர். "என் பாட்டனார் காலத்திலிருந்து கொடுத்து வருகிறோம்" என்கிறார் இன்னொருவர். நாகரிகமான மற்றொருவர், "பெயருக்குப் பின்னால் ஒரு முழ நீளம் பட்டம் போட்டிருக்கும் பெரிய டாக்டர் சொன்னார்" என்கிறார். இந்த மூன்று பேரும் வேறு வேறு கட்சிக்காரர்களைப் போலத் தோன்றலாம். ஆனால் மூவருக்கும் ஆதாரம் ஒன்றேதான், அதாவது "யாரோ சொன்னார்" என்பதுதான். ஏட்டுச் சுவடி சொன்னாலும் சீமைப் பட்டதாரி சொன்னாலும், சொன்னது சொன்னதுதானே ஒழிய ருஜுவாகாது.

"என் கையால் பத்துப் பேருக்குக் குணமாயிற்று" என்று ஒரு வைத்தியர் சொன்னால், உடனே நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பத்துப் பேருக்குக் குணமாயிற்று? மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அந்தப் பத்துப் பேரும் மருந்து சாப்பிடாமலிருந்தாலும், அல்லது வேறு மருந்து சாப்பிட்டிருந்தாலும் குணமாகியிருக்க மாட்டார்கள் என்பது எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவர் கெட்டவராயிருக்க வேண்டுமென்பதில்லை. மிகவும் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கே தன் மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

சீட்டுப் போட்டுப் பார்ப்பது

இந்தக் கேள்விகளுக்குப் பதில் காண்பதற்காக ஏற்பட்டதுதான் மருந்துப் பரீட்சை என்பது. அதன் முறை மிகச் சுலபமானது. ஒரே மாதிரியான வியாதியுள்ள நூற்றுக்கணக்கான பேரை, அவர்களுடைய சம்மதத்தின் பேரில், இரண்டு கூட்டமாகப் பிரிப்பது. ஒரு கூட்டத்துக்குப் பழைய மருந்து, மற்றொரு கூட்டத்துக்குப் புதிய மருந்து. யார் எந்தக் கூட்டம் என்பதை வைத்தியர் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுப் போட்டு எடுப்பது போல் எடுக்க வேண்டும். ஏனென்றால், வைத்தியரிடம் விட்டால் தன்னை அறியாமலே திடகாத்திரமானவர்களைத் தன் மருந்துக்கும், இளைத்தவர்களை எதிர் மருந்துக்கும் அனுப்பிவிடுவார். பிறகு, "பார்த்தீர்களா என் மருந்தின் மகிமையை!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஆசை அவரை ஏமாற்றுகிறது. அந்த ஆசைக்கு இடமில்லாமல் செய்வதற்குத்தான் சீட்டு.

இது எங்கோ சீமையில் நடக்கிற காரியம் என்று எண்ணாதீர்கள். நம் சென்னையிலேயே 1956-ல் ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில் இந்த முறை கையாளப்பட்டது. அந்தக் காலத்தில் க்ஷயரோகிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை, நல்ல ஆகாரம், ஓய்வு, காற்றோட்டம் எல்லாம் இருந்தால்தான் குணமாகும் என்று பெரிய பெரிய வைத்தியர்களெல்லாம் சொன்னார்கள். ஏழைக்கு இவற்றுக்கு வழி ஏது? ஆகவே, ஏழைகளான 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு பாதியை ஆஸ்பத்திரியிலும் ஒரு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய ஆஸ்பத்திரியிலிருந்தவர்களைப் போலவே தேறினார்கள். அவர்கள் வீட்டாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. பெரியவர்கள் வாக்கு என்ன ஆயிற்று? பரீட்சையில் நிற்கவில்லை. ஒரு ஊரில் நடந்த ஒரு பரீட்சை, உலகத்து ஏழைகளுக்கெல்லாம் வீட்டிலிருந்தே வைத்தியம் செய்துகொள்ள வழி திறந்தது.

டோனி மோக்

இனி நமது வைத்தியரிடம் வருவோம். டோனி மோக் கனடா தேசத்தில் ஆல்பர்ட்டா சர்வகலாசாலையில் வைத்தியம் படித்தவர். டொரான்டோ நகரில் புற்றுநோய் வைத்தியத்தில் தேர்ச்சி பெற்று, அங்கேயே சில வருஷம் சாதாரணமாய் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1996-ல் ஹாங்காங்குக்குத் திரும்பி, அங்குள்ள சீன சர்வகலாசாலையில் சேர்ந்தார். அதன் பிறகு நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்துகளைப் பரீட்சை செய்வதே அவருடைய முக்கிய வேலையாய்விட்டது.

நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் சுருட்டு, பீடி, சிகரெட்டினால் வருவது. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் புகையே பிடிக்காதவர்களுக்கும் வருகிறது. கிழக்கு ஆசிய நாடுகளில், ஒரு நாளும் புகையைத் தொடாத பெண்கள் பலருக்கு வருகிறது. நம் ஊரானால் இதற்கு உடனே பூர்வஜென்மப் பாவம் என்று காரணம் கண்டுபிடித்து விடுவார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி விடவில்லை.

ஜெஃபிட்டினிப் என்று ஒரு மாத்திரை. அதற்கு 2002-ல் ஜப்பானிலும், 2003-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. சிலருக்கு அது கொடுத்ததும் கட்டி கரைந்து, படுத்த படுக்கையாயிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. 1692 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய பரீட்சையின் முடிவு 2005-ல் வெளிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைக் காட்டிலும், இதைச் சாப்பிட்டவர்கள் மொத்தத்தில் அதிக காலம் பிழைத்ததாக நிரூபணமாகவில்லை. ஆகவே அமெரிக்க அரசாங்கம் அதே வருஷம் அதைப் புதிய நோயாளிகளுக்குக் கொடுப்பதற்குத் தடை போட்டது. ஆனால் அந்தக் கணக்கிலேயே ஒரு விசேஷம் இருந்தது. ஆசியர்களும், புகை பிடிக்காதவர்களும் மாத்திரம் அதனால் பயனடைந்ததாகக் காணப்பட்டது.

இதற்கு நடுவில், 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் மூன்று கூட்டத்தார் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். உடலின் ஒவ்வொரு அணுவறையின் மேலும் "வளர்" என்ற உத்தரவை வாங்கி உள்ளே அனுப்பும் உறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். சில புற்றுக் கட்டிகளில் இந்த உறுப்புக்குரிய மரபணு மாறிப்போய், மின்சார விளக்கின் பொத்தான் அணைக்க முடியாமல் சிக்கிக்கொண்டதைப் போல, "வளர், வளர்" என்று ஓயாமல் உத்தரவு போய்க்கொண்டேயிருக்கிறது. ஜெஃபிட்டினிப் அந்தப் பொத்தானை அணைக்கிறது. இந்த மாறுதல் பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து வருவதல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. கட்டிக்குள்ளேயே ஏற்படுவது. ஆகவே விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வம்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெளி அடையாளமா, உள் காரணமா?

இப்போது கேள்வி என்னவென்றால், யாருக்கு மாத்திரை கொடுப்பது? ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பதா? அல்லது கட்டியைச் சோதித்துத் தீர்மானிப்பதா? ஆளைப் பார்ப்பதே சுலபம். ஆசியரா, புகை பிடிக்காதவரா, பெண்ணா, என்று கண்ணால் பார்த்தும் வாயால் கேட்டும் முடிவு கட்டிவிடலாம். அக்காலத்து வைத்தியர்களில் பலர் அப்படியே செய்தும் வந்தார்கள்.

மோக்கும் அவர் கூட்டாளிகளும் 2006 மார்ச்சு முதல் 2007 அக்டோபர் வரையில் சீனா, ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து முதலிய கிழக்கு ஆசிய இடங்களில் 87 ஆஸ்பத்திரிகளிலிருந்து 1217 நோயாளிகளைச் சேர்த்தார்கள். அதற்கு "ஐபாஸ்" பரீட்சை என்று பெயர். வெளி அடையாளத்தைக் கொண்டுதான் ஆள் சேர்க்கப்பட்டது. புகையே பிடிக்காதவர்கள், அல்லது கொஞ்ச காலம் பிடித்து விட்டவர்கள். ஐந்தில் நான்கு பேர் பெண்கள். 609 பேருக்கு மாத்திரை. 608 பேருக்கு வழக்கமான கீமோ ஊசி மருந்து. யாருக்கு எது என்பது சீட்டுப்படி.

2009-ல் முடிவு அச்சாகி வெளிவந்தது. பன்னிரண்டு மாதம் கழித்து நோய் முற்றாமலிருந்தவர்கள் மாத்திரைக் கூட்டத்தில் நூற்றுக்கு 24.9 பேர், ஊசிக் கூட்டத்தில் 6.7 பேர். மாத்திரை ஜெயித்துவிட்டது. வியாபாரியாயிருந்தால் அத்தோடு கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "ஆசியப் பெண்ணா? புகை பிடிக்காதவளா? இந்தா மாத்திரை" என்று விற்கப் புறப்பட்டிருப்பான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நெருடல் இருந்தது. முதல் ஆறு மாதத்தில் ஊசிக் கூட்டம் மேலாகவும், அதற்குப் பிறகு மாத்திரைக் கூட்டம் மேலாகவும் இருந்தது. ஒரே மருந்து எப்படி ஆறு மாதம் தோற்றுப் பிறகு ஜெயிக்கும்?

கட்டியின் துணுக்கைச் சோதிப்பதென்று முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தார்கள். 437 பேருடைய துணுக்குகளில் தெளிவான விடை கிடைத்தது. அவர்களில் 261 பேருக்கு நான் சொன்ன மரபணு மாறுதல் இருந்தது. 176 பேருக்கு இல்லை. மாறுதல் உள்ளவர்களில் மாத்திரை சாப்பிட்ட 132 பேரில் 94 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. ஊசி போட்டுக்கொண்ட 129 பேரில் 61 பேருக்குச் சுருங்கிற்று. சரி, மாறுதல் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? ஊசி போட்டுக்கொண்ட 85 பேரில் 20 பேருக்குச் சுருங்கிற்று. மாத்திரை சாப்பிட்ட 91 பேரில் எத்தனை பேருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒருவருக்கு!

தோழர்களே! இதைக் கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பாருங்கள். அந்த 91 பேரும் ஆசியர்கள்தான். புகை பிடிக்காதவர்கள், அல்லது கொஞ்சமே பிடித்து விட்டவர்கள். வெளி அடையாளத்தில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில், ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பாஷை பேசும் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அந்த மாத்திரை உயிர் காக்கும் மருந்து. மற்றவளுக்கு அது வீண் மாத்திரை. அதைச் சாப்பிட்ட நாட்களெல்லாம், கேட்கக்கூடிய மருந்தை இழந்த நாட்கள். பிறந்த தேசத்தையும் முகத்தையும் பார்த்து ஒரு மனிதனுக்கு இது ஆகும், இது ஆகாது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான அத்தாட்சி வேண்டுமா? உள்ளே சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வெளி அடையாளத்தை வைத்துப் பரீட்சையைத் தொடங்கியவர்களே, வெளி அடையாளம் போதாது என்பதைத் தங்கள் பெயரைப் போட்டு வெளியிட்டார்கள். அதன் பிறகுதான், மருந்து கொடுப்பதற்கு முன் கட்டியின் மரபணுவைச் சோதிப்பது என்பது உலகத்தில் வழக்கமாயிற்று. அமெரிக்காவில் 2015-ல் அதே மாத்திரைக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்தத் தடவை, மரபணு மாறுதல் உள்ளவர்களுக்கு மாத்திரம்.

தோற்றதையும் சொல்லுதல்

2011-ல் ஐபாஸ் பரீட்சையின் கடைசிக் கணக்கும் வெளிவந்தது. மாறுதல் உள்ளவர்களில், முதலில் மாத்திரை சாப்பிட்டவர்கள் நடுத்தரமாய் 21.6 மாதமும், முதலில் ஊசி போட்டவர்கள் 21.9 மாதமும் உயிரோடிருந்தார்கள். ஊசிக்காரர்கள் பலர் பிறகு மாத்திரைக்கு மாறிக்கொண்டதால் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, மாத்திரை நோயை நிறுத்தி வைக்கிறதே தவிர ஒழித்துவிடுவதில்லை. இதையும் மறைக்கவில்லை.

மாத்திரை கொஞ்ச காலம் கேட்டுப் பிறகு கேட்காமல் போகிறது. அப்போது என்ன செய்வது? ஊசி மருந்தைத் தொடங்கும்போது மாத்திரையையும் நிறுத்தாமல் சேர்த்துக் கொடுத்தால் நல்லதென்று வைத்தியர்கள் பலர் நினைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 265 பேரை வைத்து அதையும் பரீட்சை செய்தார்கள். 2017-ல் மோக் தன் பெயரை முதலில் போட்டு வெளியிட்ட கணக்கு என்ன சொல்லிற்று? மாத்திரையைத் தொடர்ந்தவர்கள் நடுத்தரமாய் 13.4 மாதமும், நிறுத்தினவர்கள் 19.5 மாதமும் பிழைத்திருந்தார்கள். நியாயமாய்த் தோன்றிய யோசனை, நோயாளிக்குக் கெடுதலாயிருந்தது. பரீட்சை செய்யாமல் விட்டிருந்தால், "என் அனுபவத்தில் சொல்லுகிறேன்" என்று உலகமெங்கும் அதையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே 2017-ல் இன்னொரு பரீட்சை வெளிவந்தது. மாத்திரை கேட்காமல் போவதற்குப் பல பேரிடத்தில் இரண்டாவதாக ஒரு மரபணு மாறுதல் காரணமாயிருக்கிறது. அப்படிப்பட்ட 419 பேருக்கு ஓசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரையையும் ஊசி மருந்தையும் கொடுத்துப் பார்த்ததில், நோய் முற்றாமலிருந்த காலம் ஊசிக்கு 4.4 மாதம்; மாத்திரைக்கு 10.1 மாதம். பிறகு அந்தப் புதிய மாத்திரையை முதலிலேயே கொடுத்தால் என்ன என்று 556 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த முடிவுப்படி, பழைய மாத்திரைக்காரர்கள் 31.8 மாதமும், புதிய மாத்திரைக்காரர்கள் 38.6 மாதமும் உயிரோடிருந்தார்கள். இந்த முடிவை வெளியிட்டவர்களில் முதற்பெயர் யாருடையது தெரியுமா? சென்னைச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வேலை செய்யும் சுரேஷ் ராமலிங்கம் என்பவருடையது. ஒருவர் ஹாங்காங், ஒருவர் சென்னை. படித்தது ஒரு தேசம், உழைத்தது ஒரு தேசம். முறை ஒன்றாயிருப்பதால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர முடிகிறது.

சில ஆட்சேபணைகள்

"மனிதர்களை எலியைப் போல வைத்துப் பரீட்சை செய்யலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு மருந்தில் எது மேல் என்று வைத்தியருக்கு நிச்சயமாய்த் தெரிந்திருந்தால், சீட்டுப் போடுவது அக்கிரமம். தெரியாமலிருந்தால், தெரிந்தது போல் நடித்து ஒன்றைக் கொடுப்பதும் அக்கிரமம். பரீட்சை செய்யாத வைத்தியரும் ஒவ்வொரு நோயாளியின் மேலும் பரீட்சைதான் செய்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அவர் நோயாளியிடம் சொல்லுவதில்லை, கணக்கும் வைப்பதில்லை. ஒழுங்கான பரீட்சையில் நோயாளிக்கு எல்லாவற்றையும் அவருக்குப் புரியும் பாஷையில் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். எந்த நாளிலும் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. விலகினால் சாதாரண வைத்தியத்தை மறுக்கக் கூடாது. நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய மருந்து விதிகளில், பரீட்சையினால் கெடுதல் ஏற்பட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்றும் இருக்கிறது.

"இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் பணத்தில் நடக்கிறதே?" என்றும் கேட்கிறார்கள். உண்மை. ஐபாஸ் பரீட்சைக்கும் அந்த மாத்திரையைச் செய்யும் கம்பெனிதான் பணம் கொடுத்தது. பணம் கொடுத்தவனுக்கு இலாபத்தில் கண்ணிருக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்? அதனால்தான், எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே ஊரறியப் பதிவு செய்துவிட வேண்டும், முடிவு எப்படியிருந்தாலும் வெளியிட வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் ஏற்பட்டிருக்கின்றன. நம் நாட்டிலும் 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்க வேண்டுமென்று கேளுங்கள். மருந்தின் விலையைக் குறைக்க வேண்டுமென்று கேளுங்கள். ஆனால் கம்பெனிக்காரன்மேல் உள்ள கோபத்தில், கணக்கே இல்லாத லேகியக்காரனிடம் போய் விழாதீர்கள். அவனும் விற்கிறவன்தான்.

நாம் செய்ய வேண்டியது

முடிவாக, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடிய இரண்டொரு வார்த்தை சொல்லுகிறேன். முதலாவது, பீடியையும் சுருட்டையும் விட்டுவிடுங்கள். அதற்கு எந்தப் பரீட்சையும் இனித் தேவையில்லை. இரண்டாவது, மூன்று வாரத்துக்கு மேல் விடாத இருமலோ, சளியில் இரத்தமோ கண்டால் மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் அலையாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நான் புகை பிடிப்பதில்லையே" என்று பெண்கள் அலட்சியமாயிருக்க வேண்டாம். மூன்றாவது, புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் இடிந்து போய் உட்கார்ந்து விடாமல், "கட்டியின் துணுக்கை எடுத்து மரபணு பார்த்தீர்களா? இந்த மருந்து எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது? எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்று வைத்தியரைக் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ளுகிற வைத்தியரிடம் இன்னும் அழுத்தமாய்க் கேளுங்கள்.

கேட்கப்படுகிற கேள்விக்குப் பயப்படாததுதான் அறிவு. டோனி மோக் என்பவர் சொன்னதற்காக எந்த மருந்தையும் நம்ப வேண்டாம். நான் இங்கே சொன்னதற்காகவும் நம்ப வேண்டாம். கணக்கு இருக்கிறது, அச்சாகி இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.